இரண்டு வண்டிக்கு ஒரு முன்பக்கம்

எங்கள் வீட்டுக்காரரிடமும் என் தங்கை வீட்டுக்காரரிடமும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் பிக்கப் வண்டிகள் இருந்தன. இரண்டும் பழசு. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. விடியற்காலையில் கோவளத்துக் கரையில் மீன் ஏற்றி எங்களவர் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவார். தங்கை வீட்டுக்காரர் சிறுசேரி மெஸ்களுக்குப் போடுவார். அந்தக் கரையில் பிறந்த அக்கா தங்கை நாங்கள். வாழ்க்கைப்பட்டது சிட்லபாக்கத்தில், அடுத்தடுத்த தெருவில். மீன் வாடை எங்களை விடவில்லை, நாங்களும் அதை விடவில்லை.

எங்கள் வண்டிக்கு இன்ஜின் ராஜா மாதிரி. முன்பக்கம்தான் மோசம். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கை உதறும். பிரேக் மிதித்தால் வண்டி நேராக நிற்காமல் இடது பக்கம் இருக்கிற டீக்கடையைப் பார்த்துப் போகும். "வண்டிக்கும் உன் புத்திதான் கீது" என்று அவரைக் கிண்டல் செய்வேன். தங்கை வீட்டு வண்டி இதற்கு நேரெதிர். முன் ஆக்ஸில், பிரேக் எல்லாம் அப்போதுதான் புதுசாக மாற்றியிருந்தார்கள். மாற்றிய கையோடு இன்ஜின் ஜாமாகி உட்கார்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து எங்கள் வண்டிக்கு எஃப்சி வந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் பிரேக் பிடித்துக் காட்டி பாஸ் ஆகாவிட்டால் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது. தங்கை வீட்டுக்காரர் தானாகவே வந்து சொன்னார்: "என் வண்டி முன்பக்கத்தைக் கயட்டி இதுல மாட்டிடலாம் சகல. ஒரு வண்டியாவது ஓடட்டும். ரெண்டு ரூட்டையும் சேர்ந்து பார்த்துக்கலாம்." எங்களவர் பேச்சுக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிற ரகம். தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்கு ஏக சந்தோஷம். தங்கைக்கு இல்லை. அன்று மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "பாஸானா அது மாமா வண்டி. ஃபெயிலானா யாருக்கும் வண்டி இல்லை. எப்படிப் பார்த்தாலும் எங்களுக்கு இன்னாக்கா கீது? எங்க வூட்டுக்காரர் மாமாகிட்ட கூலிக்கு ஓட்டறாருன்னுதானே கரையில சொல்லுவாங்க?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அப்படி எவ சொல்லுவா, வரட்டும்" என்றேன். ஆனால் சொல்லுவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆர்சி புக்கில் இருந்தது எங்களவர் பெயர்தான்.

ஏரிப்பக்கம் ஒரு காலி மனையில் வேலை ஆரம்பித்தது. சகலைகள் இரண்டு பேரும் மெக்கானிக் இல்லை. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவன் பாதி மெக்கானிக். வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பூஜை போட்டே ஆக வேண்டும் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். "சோறு போட்ட வண்டி. ஆட்டை உரிக்கற மாதிரி உரிக்க வுட மாட்டேன்." அவள் சொன்னபடி இரண்டு வண்டிகளையும் மாலை மாற்றப்போகிற பொண்ணு மாப்பிள்ளை போல முகத்துக்கு முகம் நிறுத்தினார்கள். சக்கரத்தைக் கழற்றியதும், உள்ளே தெரிந்த ஒவ்வொரு பாகத்தின் மேல்பக்கத்திலும் குங்குமப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். நானும் கும்பிட்டேன். ரோட்டில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

முன் ஆக்ஸில் ஒரே துண்டாக வந்தது. அதை இழுத்துப்போய்த் திருப்பி எங்கள் வண்டிக்கு மாட்டியதில் ஒரு குழப்பமும் இல்லை. சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர்கள் இரண்டையும் மட்டும் தனியாகக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடைசியில் அவற்றுக்கு வந்தார்கள். தங்கை வீட்டுக்காரர் தன் வண்டியோரம் குந்திக்கொண்டு ஒன்றைக் கழற்றி நீட்டினார். நேரெதிரே குந்தியிருந்த எங்களவர் அதை வாங்கி அப்படியே பக்கத்தில் இருந்த சக்கரத்தில் மாட்டினார். பிறகு இரண்டு பேரும் அந்தப் பக்கம் போய் அடுத்ததையும் அதே போல் கைமாற்றினார்கள். பந்தியில் சாம்பார் வாளி போகிற வேகம்தான்.

பிரேக் ஆயில் ஊற்றிய பிறகு குழாயில் நிற்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கேலிப்பரில் இருக்கிற நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பெடல் வேலை எனக்கு. புடவையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "மிதி, மிதி, புடி" என்று கீழே இருந்து குரல் வரும். மிதித்தேன், பிடித்தேன். மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தது. பெடல் மட்டும் பஞ்சுத் தலையணை போல உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"ஆயில் டூப்ளிகேட் சகல" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"ஆயில் நல்லாத்தான் கீது. உன் பைப்புலதான் ஓட்டை."

"என் வண்டியில இருந்த வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

நான் உள்ளிருந்து கத்தினேன்: "சண்டையை நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னாடி போடுங்க. இப்ப என் காலுக்கு வழி சொல்லுங்க." எஃப்சி மறுநாள் காலையில். ஒரு வண்டியை உரித்தாகிவிட்டது, இன்னொன்றுக்கு பிரேக் இல்லை. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

டீ கொண்டுவந்த தங்கை சக்கரத்தோரம் குனிந்து பார்த்தாள். "மேலே வச்ச பொட்டு ஏன் கீழே பார்த்துகினு கீது?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் தலையை உள்ளே நீட்டினார்கள். வலது கேலிப்பர் இடது பக்கமும், இடது கேலிப்பர் வலது பக்கமும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே இருக்க வேண்டிய நிப்பிள் அடியில் இருந்தது. காற்று மேலே ஏறும். வாசலைக் கீழே வைத்தால் அது எப்படி வெளியே போகும்?

"மாலை மாத்தும்போது பொண்ணோட வலது கைக்கு எதிர்ல மாப்ளயோட இடது கைதானே வரும்" என்றாள் தங்கை. அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. தங்கை வீட்டுக்காரர் மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தார். எங்களவர்கூட ஸ்பானரை வாய்க்கு நேரே மறைத்துக்கொண்டு சிரித்தார். பக்கம் மாற்றி மாட்டி மறுபடி மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் பெடல் பாதி வழியிலேயே கல்லாக நின்றது. அன்றைக்கு என் கால் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மறுநாள் எல்லோரும் போனோம். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார, தங்கை வீட்டுக்காரர்தான் ஓட்டினார். வேகமாக வந்து மிதித்தார். வண்டி எந்தப் பக்கமும் சாயாமல் கோடு போட்டது போல நின்றது. பாஸ். நான் கை தட்டியே விட்டேன். தங்கையும் சிரித்தாள், ஆனால் வீடு வரும்வரை அவள் முகம் வாடித்தான் இருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும்.

எங்களவர் "வேலை கீது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அஸ்தினாபுரம் பக்கம் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தாமல் தங்கை வாசலில் நிறுத்தினார். எல்லா வண்டியிலும் முருகன் துணை, மாதா துணை என்று ஒட்டியிருக்கிற முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் பெரிதாக ஒட்டியிருந்தது: சகலை துணை.

தங்கை எழுத்துக் கூட்டுவது போல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "இன்னா மாமா இது? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஆர்சில ரெண்டு பேரையும் போட முடியுமான்னு கேட்டேன். முடியாதாம். அதான் இங்க போட்டுட்டேன்" என்றார் அவர். சாவியைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த நாள் நானும் தங்கையும் வண்டியோடு கரைக்குப் போயிருந்தோம். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒருத்தி தங்கையிடம் கேட்டாள்: "யார் வண்டிடி இது?"

"எங்க வண்டி" என்றாள் என் தங்கை, கூடையைத் தூக்கி உள்ளே வைத்தபடி.