பால்கனியில் செத்த வேற்றுக்கிரகவாசிகள்

என் வாயால் கெட்ட வரன்கள் உண்டு. ஒருவர் பாம்பு பால் குடிக்கும் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவளால் அது முடியுமா? பாம்பின் வாயமைப்பை நான் விளக்கி முடித்தபோது, வந்தவர்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார்கள்.

அதனால் இந்த முறை அம்மா காலையிலிருந்தே என் பின்னால் சுற்றினாள். "ஏட்டி, மனுசங்களைப் பத்தி மட்டும் பேசு. மிருகத்தைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது, சொல்லிட்டேன்." டில்லி ஜனக்புரிக்கு வந்து எத்தனையோ வருடமாகிறது, எங்கள் வீட்டுக்குள் இன்னும் திருநெல்வேலிதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை தன் அம்மா அப்பாவோடு வந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியில் பாதியைக் கடித்துவிட்டு "போதும் போதும்" என்பதுதான் மரியாதை. இவர் ஒன்றை முழுசாக வாயில் போட்டு, சூடு பொறுக்காமல் வாயைத் திறந்து கையால் விசிறிக்கொண்டார். விசிறிக்கொண்டே அடுத்ததை எடுத்தார். எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று. எப்பாடுபட்டாவது இந்த வரனைக் கெடுக்காமல் இருக்க வேண்டுமே என்று அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது.

"தனியா ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும்" என்று வழக்கம்போல எங்களைப் பால்கனிக்கு அனுப்பினார்கள். குளிர் விட்டுப்போன வெயிலில் பக்கத்து வீட்டு ரஜாய்ப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அவர் குர்கானில் வீடியோ கேம் கம்பெனி ஒன்றில் படம் வரைகிறவர். என்ன வரைவீர்கள் என்று கேட்டேன். மனிதரைப் பற்றிய கேள்விதானே, அதில் என்ன வந்துவிடப்போகிறது?

"ஏலியன்" என்றார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் போனை நீட்டினார். யானை உடம்பு, சிலந்திக் கால்.

"எப்படி இருக்கு? டீச்சர் இல்லையா நீங்க, உண்மையைச் சொல்லுங்க."

அழகாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். "கால் ஒடிஞ்சிரும்" என்றேன். "உருவத்தை ரெண்டு மடங்கா பெருசாக்கினா எடை எட்டு மடங்கு ஆகும். காலோட பலம் நாலு மடங்குதான் கூடும். இது எந்திரிச்சு நின்னா சேமியா மாதிரி நொறுங்கிரும்."

அவர் கோபிக்கவில்லை. கெக்கலித்துச் சிரித்துவிட்டு அடுத்த படத்தைத் தள்ளினார். ஒரு கிரகம் முழுக்கக் கோரைப்பல் ஜந்துக்கள்.

"எல்லாரும் புலின்னா புல்லு தின்னுறது யாரு? ஒரு வாரத்துல ஒண்ணையொண்ணு தின்னு தீர்ந்துரும்."

"அச்சா, இது?"

அதற்கு வாய் மட்டும் மூன்று இருந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன். "இது எங்க வெளிக்குப் போகும்?"

"ஜெல்லி மீனுக்கு ஒரே வாசல்தானே?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெல்லி மீனின் வாசல் தெரிந்த ஒரு மாப்பிள்ளை எங்கள் வீட்டு பால்கனியில்! "அது சும்மா மிதந்துகிட்டு கிடக்கும். உங்க ஆளு ஓடி ஓடிச் சண்டை போடுதே, நாள் பூரா தின்னணுமே! பழசைத் துப்பினாத்தானே புதுசு உள்ள போகும்?" இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி காயாத ரஜாயைத் திருப்பிப் போடுகிற சாக்கில் எட்டிப் பார்த்தார். கூடத்தில் பேச்சே நின்றுபோயிருந்தது.

கடைசியாக ஒரு படத்தைக் கொஞ்சம் தயங்கித்தான் காட்டினார். மேகத்தின் நடுவே ஒரு பெரிய நீலப் பறவை. "இது ஆபீசுக்கு இல்ல. எனக்காக வரைஞ்சேன். இது தரையில இறங்கவே இறங்காது. பறந்துட்டே தூங்கும், முட்டை கூட வானத்துலயே போடும்."

சிரித்த போதையில் இருந்தேன். "அப்போ முட்டை கீழ விழுந்து உடைஞ்சிரும். ஒரே தலைமுறையில பூண்டோட போயிரும்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அச்சா" என்று சொல்லிப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது. என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

உள்ளே போனோம். அவருடைய அம்மா எழுந்து, "வீட்டுக்குப் போய் போன் பண்றோம்" என்றார். அந்த வார்த்தையை நாங்கள் முன்பே கேட்டிருக்கிறோம். அந்த போன் வந்ததே இல்லை. பெண் வீட்டார் வாய் திறக்கக்கூடாது, கைகூப்பி வழியனுப்ப வேண்டும். அப்பா கைகூப்பினார். அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு படி இறங்கினார்கள். மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"அந்தப் பறவைதான் பிழைக்காதுன்னு சொன்னேன்! எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு!"

மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி கதவைத் திறந்து, ஒரு எழுத்து தமிழ் தெரியாமலே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மாப்பிள்ளை பாதிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "சச்? நிஜமாவா?"

"சச்."

"எனக்கும்தான்" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன. "நீங்க என்னையும் ரிஜெக்ட் பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்."

அவருடைய அம்மா மகனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். மேலே ஏறிவந்து, எங்கள் வாசலில் மறுபடி செருப்பைக் கழற்றினார்.