சுரண்டி மாமாவின் மலை

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் வந்து நின்றால் அதன் தளமும் வெளித்தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இம்மி பிசகினாலும் யாராவது தடுக்கி விழுவார்கள். பகலெல்லாம் அந்த இம்மியோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், சாயங்காலம் படம் வரைய உட்கார்ந்தால் மட்டும் சும்மா விடுவாரா?

மாமாவுக்குத் தூரிகை ஆகாது. பேலட் கத்திதான். கொத்தனார் கரண்டியைப் பொம்மை அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அது. ஆயில் பெயின்ட்டைக் குழைத்து, அந்தத் தகட்டில் அள்ளி, கேன்வாஸில் அப்பி இழுப்பார். ஒரே இழுப்பில் பாறை வந்துவிடும். பார்க்கிற எனக்கே கை துறுதுறுக்கும். ஆனால் பிடிக்கவில்லை என்றால் அதே கத்தியால் மொத்தத்தையும் வழித்துப் போடலாம். மாமாவுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. ஏரி, காடு, மழைக்கால ரோடு எல்லாம் பழைய துணியில் துடைக்கப்பட்டுப் போய்ச் சேர்ந்தன. சுரண்டி மாமா என்று பெயர் வைத்தது நான்தான்.

அக்காவும் என்னோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், எதிர்மனையில் அடுக்குமாடி எழும்பத் தொடங்கும்வரை. அவர்கள் இருப்பது மூன்றாம் மாடி. சமையலறை ஜன்னலுக்கு நேரே, ஊருக்கு வெளியே ஒரு மலை. பிரமாதமான மலையெல்லாம் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அவள் சரி சொன்னதே அந்த ஜன்னலைப் பார்த்துத்தான்.

"மறைக்கறதுக்குள்ள அதை ஒரு படம் போட்டுக் குடுத்துடுங்க. வேற ஒண்ணும் கேக்கல," என்றாள்.

மாமா ஜன்னலோரம் ஸ்டாண்டைப் போட்டார். சிரத்தைக்குக் குறைச்சலில்லை, வேலை விட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் உட்காருவார். எதிரே ஒரு தளம் ஏறியது. மாமா மலையை வழித்தார். இன்னொரு தளம் ஏறியது. சரிவில் வெயில் சரியாக விழவில்லை என்று மறுபடியும் வழித்தார்.

"நாளைக்குப் பிடிச்சிடலாம்."

"நாளைக்கு மலை இருக்கணுமே," என்றாள் அக்கா.

உச்சி மட்டும் மிஞ்சியிருந்த நாளில் அவர் வரைந்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். அச்சு அசல் அக்காவின் ஜன்னல் மலை. மாமா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"வலது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. குளிச்சிட்டு வந்து பாக்கறேன்."

பாத்ரூம் கதவு சாத்தியதுதான் தாமதம், அக்கா படத்தைத் தூக்கிவிட்டாள். "டேய், உன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளிச்சு வை." அவசரத்தில் ஓரத்தைப் பிடிக்காமல் முகப்பைப் பிடித்துவிட்டாள். பெயின்ட் காயாமல் தயிராக நின்றிருந்தது. வானத்தில் அவள் கட்டைவிரல் ஆழமாகப் பதிந்துவிட்டது.

அவள் போட்ட சத்தத்தில் மாமா தலையில் துண்டோடு ஓடி வந்தார். பார்த்ததும் கத்தியை எடுத்தார். "குடு, குடு. ஒரு நிமிஷ வேலை."

அவருடைய ஒரு நிமிஷம் எங்களுக்குத் தெரியாதா? விரலை மூடப் போய் வானம் போகும், வானத்துக்காக மலை போகும்.

அக்கா படத்தை விடவில்லை. "வெளிய போறது ஒரு மலைதான். இந்த வீட்டுக்குள்ள எத்தனை மலை போச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? ஒவ்வொண்ணையும் நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். உனக்குப் பிடிச்சிருக்கான்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

குரல் உடைந்துவிட்டது. அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. மாமா மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

அவர் கத்தியைத் தாழ்த்தினார். பிறகு, "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப."

கத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

இப்போது ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர்கள் காயப்போட்ட துணிதான் தெரிகிறது. படம் அந்தக் கட்டைவிரல் தடத்தோடு சாப்பாட்டு மேஜைக்கு நேரே மாட்டியிருக்கிறது. அக்கா அதைப் பார்த்தபடி சாப்பிடுகிறாள். மாமாவால் அது முடியவில்லை. படத்துக்கு முதுகைக் காட்டி, அக்காவைப் பார்த்தபடி உட்காருகிறார்.