பாடு விழுந்த நாளில் ஒரு பரீட்சை

பொன்னேரியில் இருக்கும் என் மகள் நேற்று செல்போனில் ஒரு படம் அனுப்பினாள். பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் சாரணர் படைக்கு ஆண்டுத் திட்டம் போட்டிருக்கிறார்களாம். மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு வண்ணம். நவம்பர் கட்டத்தில் என்ன தெரியுமா நண்பரே? பழவேற்காடு ஏரியில் படகுப் பயணம். ஐப்பசி கார்த்திகையில்! வலைக்காரனே காற்றுக்குப் பயந்து கரையில் உட்கார்ந்திருக்கிற மாதத்தில்! அல்லாஹ் மன்னிக்கட்டும், காலை நேரத்தில் என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

நான் தையல்காரன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. சாரணர் என்றால் எனக்கு முதலில் வருவது காக்கித் துணியின் வாசனைதான். கஞ்சி போட்ட புதுக் காக்கியைக் கத்தரிக்கோல் கடிக்கும்போது வறுத்த மாவு மாதிரி ஒரு வாசனை எழும். கடைக்கு வெளியே கருவாடு காயும், உள்ளே காக்கி மணக்கும். இரண்டும் கலந்த அந்தக் காற்றில்தான் என் வாலிபம் போயிற்று. எங்கள் பழவேற்காட்டுப் படைக்கு அரைக்கால் சட்டை தைக்கப்போய் நான் அதன் கமிட்டியிலேயே மாட்டிக்கொண்டேன். படையை நடத்தியவர் ஆரோக்கியம் சார், பள்ளிக்கூட வாத்தியார். பையன்களை அளவு கொடுக்கக் கூட்டிவந்தவர், "பாய், எவன் வளர்ந்தான், எவன் இளைச்சான்னு உங்களுக்குத்தான் தெரியுது. கமிட்டியில இருங்க" என்றார். இதைவிட மோசமான காரணத்துக்கெல்லாம் பதவி கொடுக்கிறார்கள். ஒப்புக்கொண்டேன்.

கமிட்டி என்றால் மூன்றே பேர். சார், நான், மீனவர் குப்பத்திலிருந்து கோவிந்தன். கோவிந்தனின் மகன் தேசப்பன் படையில் பெரிய பையன். ஒல்லாந்தர் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்குமே, அதற்கு எதிர் நிழலில் சாக்கு விரித்து உட்காருவோம். அந்தக் கல்லறைக்குள் முள் வெட்டிச் சுத்தம் செய்வதுதான் எந்த வருஷத் திட்டத்திலும் முதல் வேலை. எந்தத் தேசத்தான், எந்த மதத்தான் ஆனால் என்ன, கபுறு கபுறுதானே, நன்மை உண்டு என்று நான் நினைத்துக்கொள்வேன். பையன்களுக்கு அந்தப் பயபக்தியெல்லாம் கிடையாது. எலும்புக்கூட்டின் தலையில் தொப்பியை மாட்டிவிட்டு, "பாய், இவன் புது ஆளு. ரொம்ப இளைச்சிட்டான், அளவு எடு" என்பார்கள்.

நாங்கள் திட்டம் போட்ட விதமே தனி. ஒரு தினசரிக் காலண்டரை நடுவில் வைத்து, ஆகாத நாட்களை முதலில் கழிப்போம். நோன்பு மாதம் போகும். மாதா கோயில் திருவிழா போகும். அம்மன் கூழ் ஊற்றும் வாரம் போகும். மழை மாதங்கள் மொத்தமாகப் போகும். கடைசியில் கோவிந்தன் வாய் திறப்பார்: "எல்லாம் சரி, பாடு?"

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அங்கே இன்றைக்கு இன்ன குடும்பம்தான் வலை கட்டலாம் என்று குப்பத்துப் பஞ்சாயத்தார் முறைவைத்து விடுவார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் சுற்று முழுக்க முடிந்துதான் மறுபடி வரும். கூலிக்கு வெளியாளை வைத்து வலை கட்டவும் கூடாது. அதனால் பாடு விழுந்த வீட்டுப் பையன் அன்றைக்கு முகாமுக்கு வரமாட்டான். அவனைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுத்திருக்கும் நாளில் விழுந்த பாடு என்றால் அந்த வீட்டுக்கே பெருநாள்தான்.

இப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சிய நாட்களில்தான் முகாம், நடைப்பயணம், முதலுதவி எல்லாம். சார் அதை அழகாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். "தை அமாவாசை கழிந்து எட்டாம் நாள், கலங்கரை விளக்கம் வரை நடை" என்கிற மாதிரி. பாடும் நிலாவைப் பார்த்துத்தானே வரும்! பொன்னேரியிலிருந்த சாரணர் அலுவலகம் அதை அப்படியே திருப்பி அனுப்பியது. மேலே சிவப்பு மையில், "தேதி குறிப்பிடுக."

நான் கொதித்துப்போனேன். "பிறையப் பாக்காம நான் பெருநாள் தேதி எப்படி சார் சொல்றது?" என்றேன்.

சார் சிரித்தார். "எங்க ஈஸ்டரும் நிலாக் கணக்குதான் பாய்."

"அப்ப மூணு பேருக்கும் வானத்துல ஒரே ஆபீசருதான்" என்றார் கோவிந்தன். "பொன்னேரி ஆபீசரு மட்டும்தான் தனியா கீறாரு."

கடைசியில் அவர்களே எங்களுக்கும் சேர்த்து ஒரு திட்டம் போட்டு அனுப்பினார்கள். ஏரியைக் கண்ணால் பார்க்காமல் போட்ட திட்டம். அதில் மேல்பட்டைத் தேர்வு, அதாவது சாரணன் சட்டையில் தைக்கிற உயர்ந்த பட்டைக்கான தேர்வு, என்று ஒரு நாள் இருந்தது. எங்கள் படையில் அந்த நிலைக்கு வந்திருந்தவன் தேசப்பன் ஒருவன்தான். பதினெட்டு வயது முடிவதற்குள் அதில் தேறவேண்டும், தவறினால் இல்லை. முடிச்சு, சமிக்ஞை, முதலுதவி எல்லாவற்றிலும் புலி. அந்தப் பட்டை சட்டையில் ஏறவேண்டும் என்பதற்காக என் கடையில் வந்து இடம் பார்த்துவிட்டுப் போவான். "இங்க வரும் பாய், இந்தப் பாக்கெட்டுக்கு மேல. கோணலா தச்சின்னா தெரியும்."

தேர்வு நாள் கோவிந்தன் வீட்டுப் பாடு நாள். பௌர்ணமிக்கு மறுநாள். வலை கட்ட அப்பனும் பிள்ளையும் தவிர அந்த வீட்டில் ஆம்பிளை ஆள் இல்லை. நாளை மாற்றித்தரச் சொல்லி சார் எழுதினார். பதிலே இல்லை.

கோவிந்தன் பஞ்சாயத்தில் போய் நின்றார். சாவுக்கும் கடும் நோய்க்கும் தவிர அங்கே பாடு மாற்றிய வழக்கம் கிடையாது. நானும் சாரும் ஓரமாக நின்றோம். "பரிச்சையாம், பட்டையாம், அதுக்காவ பாட்ட மாத்துவியா? நாளிக்கு சினிமாவுக்குப் போறேன்னு ஒருத்தன் வருவான்" என்று ஒரு பெரியவர் எகிறினார். அப்போது எத்திராஜ் என்று ஒருவர் எழுந்தார். கோவிந்தனுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே சொன்னார்: "என் பாடு அடுத்த வாரம் வருது. அத்த அவன் எட்துக்கட்டும், அவனுத நான் கட்டறேன். அவனுக்காவ இல்ல. புள்ள நம்ம குப்பத்துப் புள்ள." பஞ்சாயத்து இரண்டு வீட்டு முறையையும் கூட்டிக் கழித்துப் பார்த்தது. பிறகு சரி என்றது.

தேர்வு நாளன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் சாரும் நானும் தேசப்பனும் ஏறினோம். தேசப்பன் சட்டை மடிப்புக் கலையக் கூடாதென்று திருப்பாலைவனம் தாண்டும்வரை உட்காரவே இல்லை. அலுவலக வாசலில் காத்திருந்தோம். வெயில் ஏறியது. பியூன் சைக்கிளில் வந்து இறங்கி, எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபீசர் இன்னிக்கு வரமாட்டாரு. பரீட்சை இல்ல. நேத்தே சொல்லிட்டாரே."

"யார்கிட்ட சொன்னாரு?" என்றார் சார்.

"எங்கிட்ட."

நண்பரே, ஒரு குப்பமே தன் ஏரிச் சட்டத்தை வளைத்துக் கொடுத்த நாள் அது. அதை அந்த மனிதர் பியூனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பள்ளிவாசலுக்குப் போய் மதியத்து லுஹர் தொழுதேன். என்ன துஆ கேட்டேன் என்று சொல்லமாட்டேன். கோபத்தில் கேட்டது, நிறைவேறாமல் போனதே நல்லது. திரும்பி வந்து பார்த்தால், பியூனின் சைக்கிளைத் தேசப்பன் தன் கயிற்றால் தூணோடு கட்டி வைத்திருக்கிறான். பியூன் குனிந்து இழுக்கிறார், பல்லால் கடிக்கிறார், முடிச்சு அசையவில்லை.

"அவுத்துக்காட்டு. நான் ஃபெயிலுனு ஒத்துக்கறேன்" என்கிறான் இவன்.

சார்தான் அவிழ்க்கச் சொன்னார். நானாக இருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேன்.

அன்றைக்கு ஏரியில் இறால் கொட்டியிருக்கிறது. பொழுது சாய எத்திராஜ் ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து கோவிந்தன் வாசலில் வைத்தார். கோவிந்தனிடம் பேசவில்லை. தேசப்பனிடம், "பாஸாடா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னான். எத்திராஜ் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "அந்த ஆளுக்கு வூட்ல புள்ள குட்டி இல்லியா?" என்றார். மாற்றிக்கொண்ட அடுத்த வாரப் பாட்டில் கோவிந்தன் வலைக்குப் பாசிதான் வந்தது.

சில மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து வேறு தேதி வந்தது. அதுவும் பாடு விழுந்த நாள்தான். நானும் சாரும் கோவிந்தனிடம் போய்க் கெஞ்சினோம். "ஒருதபா கேட்டேன் பாய், குடுத்தாங்க. அந்த ஆபீசரை நம்பி இன்னொரு தபா அந்தப் பஞ்சாயத்துல போய் நிக்க எனுக்கு மூஞ்சி இல்ல" என்றார். உள்ளே தேசப்பன் வலையை உதறிக்கொண்டிருந்தான். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த தேதி வருவதற்குள் அவனுக்கு வயது தாண்டிவிட்டது.

சார் மாற்றலாகிப் போனார். வருடாந்தரத் திட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றாத படை என்று எழுதி எங்கள் படையையே கலைத்துவிட்டார்கள். யார் நிறைவேற்றவில்லையாம்! கல்லறைக்கு இப்போது கம்பி வேலி, பூட்டு. எத்திராஜ் மௌத்தாகிவிட்டார். முகத்துவாரம் மணல் மூடி, அந்தப் பாடு இருந்த ஓடையில் மாடு நடந்து போகிறது. முறை வைக்கவும் மாற்றிக் கொடுக்கவும் அங்கே இப்போது தண்ணீரே இல்லை. தேசப்பன் லைட்ஹவுஸ் குப்பத்தில் கடல் படகுக்குப் போகிறான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. போன ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி வாங்க வந்தவன் தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்:

"பாய், அந்த ஆபீசரு அன்னிக்கு ஏன் வரல? ஒனக்காச்சும் தெரியுமா?"

தெரியாது. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. துணி எடுக்கப் பொன்னேரிக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறேன். அலுவலகம் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள்.