தானாக விழுந்த கொண்டி

நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்வதற்கு மூன்று நான்கு வருஷங்களுக்கு முன்னால், தோவாளையில் ஓர் ஆடி மாதக் காலையில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, என் மகளுக்கு மூன்று. நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே அவள் கால் வீட்டில் தரிக்காது. நான் அரிசி களைந்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆள் இருக்க மாட்டாள்.

ஒரு நாள் பூச்சந்தையில் பிச்சிப்பூக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். என் கணவருக்குப் பூ வியாபாரம்தான், அவரே தூக்கி வந்து போட்டுவிட்டு, "கதவத் தொறந்து போட்டுட்டு என்ன பண்ணிட்டிருக்கே?" என்று ஒரு பாட்டம் கத்திவிட்டுப் போனார். இன்னொரு நாள் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, கண்டக்டருக்கு எங்கள் வீடு தெரியும்.

சந்தையும் பஸ்ஸும் போகட்டும். வீட்டுக்குப் பின்னால் பாசனக் கால்வாய், எங்கள் பேச்சில் சானல். ஆடியில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடும். அவளை எப்போது பிடித்து வந்தாலும் பாவாடை நனைந்திருக்கும். சானலில்தான் இறங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஈரத்தோடு லேசாகப் புளித்த வாடை ஒன்றும் அடிக்கும். பிள்ளைகள் உடம்பில் அடிக்காத வாடையா என்று அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

முடிவாக ஆசாரியை வரவழைத்தேன். முன்கதவு, பின்கதவு இரண்டிலும் என் தலை உயரத்துக்கு உள்பக்கம் மரக்கொண்டி போடச் சொன்னேன். சும்மா தாழ்ப்பாள் இல்லை, கதவைச் சாத்தினாலே தானாக விழுந்து மாட்டிக்கொள்கிற கொண்டி. இடுப்பில் குடத்தோடு வருகிறவள் கையால் தாழ் போட முடியுமா? இது என் சொந்த மூளையில் உதித்த யோசனை.

ஆசாரி தலையைச் சொறிந்தார். "அம்மா, கதவுல ஒரு தொள போட்டு, கொண்டியில கயிறு கட்டி வெளிய விட்டிருவோம். நீங்க வெளிய நிக்கும்போது சாத்திக்கிட்டா என்ன செய்விய?"

"கயிறும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவ கண்ணுல கயிறு பட்டா அத்துப் போட்டுட்டுத்தான் மறுவேல பாப்பா. நான் வெளிய போனா கதவு இடுக்குல அம்மிக் குழவியை வச்சிட்டுப் போறேன்" என்றேன். நான் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. ஆசாரி நான் சொன்னபடியே வேலையை முடித்துவிட்டுப் போனார். அதன்பிறகு வந்தவர் போனவருக்கெல்லாம் கொண்டியைத் தூக்கி விழவைத்துக் காட்டி, ஒரு வாரம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் பிள்ளையைக் காணோம்.

தேடிப் பார்த்தால் சானல் கரையில் நின்று வாத்துகளுக்குக் கையாட்டிக்கொண்டிருக்கிறாள். பாவாடை ஈரம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அன்று காலையில் எங்கள் வீட்டுக்குள் வந்து போனது ஒரே ஒரு ஆள்தான்: பக்கத்து வீட்டு அக்கா. மோர் உறை வாங்க வந்தவள், பின்கதவு வழியாகப் போயிருந்தாள். கதவு கொண்டி விழுந்துதான் கிடந்தது; பிள்ளை வெளியே போன பிறகு காற்றில் சாத்தியிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். நேரே அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"யக்கா, கதவச் சாத்தாம போயிருக்கிய. எம்பிள்ள சானலுக்குப் போயிட்டா."

"நான் சாத்திட்டுத்தான் போனேன் மக்கா. கொண்டி விழுந்த சத்தங்கூடக் கேட்டுதே."

"அப்ப எம்பிள்ள என்ன காத்தா, கதவிடுக்கு வழியா போறதுக்கு?"

நாலு பேர் கேட்கச் சொன்னேன். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. உள்ளே போய், வாங்கிப் போன உறைமோரைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என் பிரசவத்துக்கு மூன்று நாள் கண் மூடாமல் பக்கத்தில் இருந்தவள் அவள். அதெல்லாம் அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

ஆடிக் காற்றைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து வந்தால் கூரை ஓடே எழுந்து ஆடும். பேச்சு நின்று ஒரு மாதம் ஆகியிருந்த அந்தக் காலையிலும் அப்படித்தான். முன்கதவு கொண்டி விழுந்து கிடந்தது. பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த என் கல்யாணப் புடவை காற்றில் பிய்த்துக்கொண்டு பறப்பதைப் பார்த்தவள், பின்கதவைத் திறந்து ஒரே ஓட்டமாக ஓடினேன். குழவியாவது, ஒன்றாவது!

புடவையைப் பிடித்தேன். முதுகுக்குப் பின்னால் கதவு படார் என்று அறைந்தது. 'டக்' என்று கொண்டி விழுந்தது.

கதவைத் தள்ளினேன், இடித்தேன், தோளால் மோதினேன். அசையவில்லை. ஆசாரி வேலை அத்தனை சுத்தம். அடுக்களை ஜன்னலுக்கு ஓடிக் கம்பி வழியாகப் பார்த்தேன். அடுப்புக்கு வெளியே நீண்டிருந்த விறகில் தீ ஏறி வந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு முழம் தள்ளி, கண்ணைக் கசக்கிக்கொண்டு என் மகள் நின்றாள். நான் போட்ட கூப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறாள்.

"மக்கா, அங்க போவாத! அம்மைய பாரு, அங்கயே நில்லு!"

என் அலறலைக் கேட்டு முதலில் ஓடி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மாதம் என் முகத்தில் விழிக்காத அக்காதான். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள், பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சந்தைக்கு விரட்டினாள், "தொழுவத்துல கடப்பார கெடக்கும்லா?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் மாட்டுத் தொழுவத்துக்கு ஓடினாள்.

சந்தை கூப்பிடு தூரம். என் கணவர் பூநாரும் கையுமாக ஓடி வந்து, வேப்பமரம் வழியாகக் கூரையில் ஏறி ஓட்டைப் பிரிக்கத் தொடங்கினார். நான் ஜன்னலை விடவில்லை. பிள்ளை என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பாள் போல, சிரித்தாள். பிறகு என் கண்ணுக்கு எட்டாத மூலைப் பக்கம் போய்விட்டாள். கூப்பிட்டேன், சத்தமே இல்லை. சோறு தீய்ந்த புகை கிளம்பி ஜன்னலுக்கு வந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தேன். கும்பிடாத தெய்வமில்லை.

அப்போதுதான், கடப்பாரையைத் தேடிக்கொண்டிருந்த அக்காவின் குரல் தொழுவத்திலிருந்து வந்தது.

"ஏட்டி, இங்க ஓடி வா! பிள்ள இன்னா நிக்கால்லா!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். எங்கள் பசு தலையை ஆட்டி ஆட்டி என் மகளின் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. அவளோ கழுநீர்த் தொட்டிக்குள் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு, கூச்சம் தாங்காமல் நெளிந்தாள்.

எங்கள் ஊர் வீடுகளில் அடுக்களைச் சுவரின் அடியில் ஒரு பொந்து இருக்கும். அரிசி களைந்த தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் அதில் ஊற்றினால், மறுபக்கம் தொழுவத்துக் கல்தொட்டியில் போய் விழும், மாடு குடிக்கும். நடந்து போகாமல் நின்ற இடத்தில் ஊற்றலாம். ஊற்றி முடித்ததும் பொந்தில் அரிசி புடைக்கிற சுளவைச் சாய்த்து வைத்துவிடுவேன். தினமும் நாலு முறை நான் குனிந்து ஊற்றிய பொந்து அது. கதவையும் ஜன்னலையும் எண்ணியவள் அதை எண்ணவே இல்லை. என் மகள் போன வழி அதுதான், எல்லா நாளும். சானலில் அவள் ஒரு நாளும் கால் நனைக்கவில்லை. ஈரமும் புளித்த வாடையும் கழுநீருடையவை. மூக்கு என்று ஒன்று எனக்கு எதற்கு இருந்தது என்று தெரியவில்லை.

மேலே என் கணவர் ஓட்டைப் பிரித்துத் தலையை உள்ளே விட்டுக்கொண்டு மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இவள் கீழே என் இடுப்பிலிருந்து அப்பாவைப் பார்த்துக் கைதட்டுகிறாள். கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காதது போல உள்ளே இறங்கி, விறகை இழுத்து அணைத்து, கொண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்தார்.

அக்கா பிள்ளையின் தலையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். என்னைப் பார்த்து, "கதவிடுக்கு வழியா போறதுக்கு எம்பிள்ள என்ன காத்தான்னு கேட்டியே. காத்து எந்த வழியா போச்சுன்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "சரி சரி, அழுவாத. சோறு தீஞ்சு போச்சுல்லா? நான் வடிச்சது கெடக்கு, உள்ளித் தீயலும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் மூன்று பேரும் அவள் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் ஆசாரி வந்தார். பொந்தில் இரண்டு மரக்கம்பிகள் வைத்தார். தண்ணீர் போகும், பிள்ளை போகாது. என் மகளும் பசுவும் ஆளுக்கொரு பக்கம் நின்று அன்றைக்கெல்லாம் கத்தினார்கள். பிறகு ஆசாரி என் முகத்தைப் பார்க்காமல் பின்கதவில் ஒரு துளை போட்டு, கொண்டியில் கயிறு கட்டி, வெளியே என் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டார். அவர் போனதும் அக்காவைக் கூப்பிட்டு அந்தக் கயிற்றை அவள் கையில் கொடுத்து, "யக்கா, நான் இருந்தாலும் இல்லாட்டாலும் நீங்க இத இழுத்துட்டு உள்ள வரணும்" என்றேன். இருபது வருஷம் அந்தக் கயிறு அவள் கை பட்டுப் பட்டு மினுமினுத்துக் கிடந்தது.

வீட்டில் ஏதாவது ஒன்று காணாமல் போனால் இன்றைக்கும் என் நாக்கு யாராவது ஒருவர் பெயரைச் சொல்லத்தான் துடிக்கிறது; உடனே அந்தப் புளித்த கழுநீர் வாடை மூக்கில் ஏறிவிடும், நான் வாயை மூடிக்கொண்டு முதலில் என் வீட்டுச் சுவரடியில் குனிந்து பார்ப்பேன்.