டி டிரைவில் அறுநூறு ஜாதகம்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: பழுதான மெஷினோடு வருகிற யாரும் அதன்மேல் கையே வைத்திருக்க மாட்டார்கள், தானாகத்தான் போயிருக்கும். பெரம்பலூரில் பத்து வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். உள்ளே நுழைகிறவர்கள் முதலில் என்னைத் தாண்டி, பின்னால் ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள். யாரும் இல்லை என்று உறுதியானபிறகுதான் லேப்டாப் பையிலிருந்து வெளியே வரும். ஆனால் இந்த லேப்டாப் விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டது என்னுடைய தப்பால். அதனால்தான் மறக்கமுடியவில்லை.

பத்தேகாலுக்குள்

தங்கராசு ஐயா அரியலூரில் கல்யாணத் தகவல் மையம் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்தவர், அப்படியே லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மெஷின் மெதுவாகிவிட்டது, புது ஓ.எஸ். போடவேண்டும். போடுவது பெரிய விஷயமில்லை. ஆனால் பத்தேகாலுக்குள் ஆரம்பித்துவிட வேண்டும், அதோடு நல்ல நேரம் முடிகிறது, பத்தரைக்கு ராகு காலம். சட்டைப்பையில் காலண்டர் தாளைக் கிழித்தே கொண்டுவந்திருந்தார். அப்போது மணி பத்து பத்து.

ஓ.எஸ். மாற்றுவதற்கு முன்னால், ஃபைல்கள் இருக்கும் டி டிரைவை ஒருமுறை திறந்து பார்ப்பது என் வழக்கம். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அவர் கடிகாரத்தைப் பார்த்த பார்வையில் அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டேன். வேலை முடிந்து லேப்டாப்பை வாங்கிக்கொள்ளும்போது மனதார வாழ்த்தினார்: "நல்ல நேரத்துல நெக்ஸ்ட் அழுத்திட்டீங்கம்மா, இனிமே இதுல ஒரு பழுதும் வராது."

பூட்டு

திங்கட்கிழமை விபூதியும் வியர்வையுமாக வந்து நின்றார். டி டிரைவ் திறக்கவில்லை. நான் க்ளிக் செய்தேன். நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைக் கொடு என்று கேட்டது. பழைய ஓ.எஸ். இந்த டிரைவைச் சத்தமில்லாமல் பூட்டி, தானே திறந்துகொண்டும் இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டவள் நான். அந்த இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். அறுநூறு ஜாதகம். அத்தனையும் ஸ்கேன் செய்தபிறகு, இனி எதற்கு என்று காகிதத்தையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். புதன்கிழமை இரண்டு குடும்பங்கள் அவர் ஆபீசில் ஜாதகம் பார்க்க வருகின்றன. டி திறக்காவிட்டால் அவர் தொழில் அன்றோடு சரி. என் தப்பை ஒப்புக்கொண்டு, பூட்டையும் சாவியையும் பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பூட்டே போடாத வூட்டுக்கு சாவி எங்கேருந்தும்மா வரும்?"

ஆலோசகர்

நம் கடைகளில் தன் வேலைக்காகக் காத்திருக்கிற ஒவ்வொருவரும் அடுத்தவர் மெஷினுக்கு டாக்டர். பிரிண்டருக்கு இங்க் நிரப்ப வந்த ஒருவர் எட்டிப்பார்த்தார். மொத்தமாக ஃபார்மட் அடித்துவிட்டால் பூட்டு போய்விடும் என்றார். உண்மைதான், பூட்டும் போகும், அறுநூறு பேரின் கல்யாணமும் போகும். தங்கராசு ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது, அடிக்கச் சொல்லி என்னை அவசரப்படுத்தினார். லேப்டாப்பை என் மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு ஆலோசகரிடம், இப்படிச் செய்து எங்கே சரியானது என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை: "எங்க சித்தப்பா சிஸ்டம் அப்படித்தாங்க சரியாச்சு, இப்ப அதுல ஒண்ணுமே இல்ல, சும்மா பறக்குது."

இப்போது இல்லாத ஆள்

இந்தச் சாவி, லேப்டாப்பை முதன்முதலில் யார் மெயில் ஐடி கொடுத்துத் தொடங்கினார்களோ அவர்களுடைய கணக்கில் இருக்கும். யார் தொடங்கிக் கொடுத்தது என்று கேட்டேன். மின்விசிறியைப் பார்த்தபடியே, "அந்த ஆளு இப்ப இல்லம்மா" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. டீ வரவழைத்துக் கொடுத்தேன். இறந்தவரின் மனைவி மக்கள் யாருக்காவது பாஸ்வேர்டு தெரியுமா என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தேன். டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்தார்.

புது ஓ.எஸ். போடும்போது பழையதை ஒரு ஃபோல்டரில் ஒதுக்கி வைத்துவிடும். அதைத் துழாவினேன். பயனர் பெயர் கயல்விழி என்று இருந்தது. யார் என்று கேட்டதற்கு, மகள் என்றார். உயிரோடுதான் இருக்கிறாள், தா.பழூரில், புருஷனோடு. கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருடமாகிறது, பேச்சுவார்த்தை இல்லை. என் துக்கமும் ஒரு டீயும் வீணானதில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஊருக்கெல்லாம் பத்துப் பொருத்தம் பாக்குறேன், எம்பொண்ணு ஒண்ணுகூட பாக்காம போயிட்டா, இதை நான் எங்க போய் சொல்றது?"

நாற்பத்தெட்டு எண்கள்

அவளிடம் கேளுங்கள் என்றேன். முடியாது என்றார். நம்பராவது கொடுங்கள் என்றேன். இல்லை என்றார். புதன்கிழமையை ஞாபகப்படுத்தினேன். உடனே செல்போனைக்கூட எடுக்காமல் பத்து இலக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னார்.

நான்தான் என் போனில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி, அவள் கணக்கில் எங்கே பார்க்கவேண்டும் என்று வழி சொன்னேன். சாவி கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குச் சொல்ல மாட்டாளாம். அப்பாவிடம்தான் சொல்வாளாம். போனை அவர் கையில் திணித்தேன்.

எட்டுத் தொகுதி, தொகுதிக்கு ஆறு எண். அவள் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல, நான் தட்டினேன். இரண்டு வருடம் கழித்து அப்பாவும் மகளும் பேசிய பேச்சு: ஒன்று, ஏழு, பூஜ்யம், நாலு. நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. நாலாவது தொகுதியில் அவர் குரல் கம்மிவிட்டது. ஆறாவதில் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி எண்ணைத் தட்டினேன். டி திறந்தது, அறுநூறு ஜாதகமும் வரிசையாக வந்து நின்றன. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன், போனை வைத்துவிடலாம் என்று சைகையும் செய்தேன். நன்றாகப் பார்த்தார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனில் சொன்னார்: "சரியா கேக்கலம்மா, மொதல்லேர்ந்து ஒருதடவ மெதுவா சொல்லு."

சாவி தொலைந்துவிட்டது என்று நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது யாரிடம் இருக்கிறது என்று நன்றாகவே தெரியும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே டெக்னிக்கல் சமாசாரம்.