மாத்தளைத் தண்டையல்

கடலே இல்லாத மாவட்டத்தில் இருந்துகொண்டு கடல் பந்தயத்துக்கு ஆள் சேர்ப்பவனை ஊர் என்ன சொல்லும்? பைத்தியம் என்று சொல்லும். மாத்தளை சசிகரனை அப்படித்தான் சொன்னது. அதுவும் மெதுவாக இல்லை, அவன் காதில் விழும்படியே சொன்னது. நீர்ப்பாசன அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வயது நாற்பத்துநாலு. கலியாணம் ஆகவில்லை, முன்தலையில் முடியும் அதிகம் இல்லை. இப்படிப்பட்ட ஒருவன் சனிக்கிழமை விடிந்தால் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்காமல், பல்லேகமப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் பாய்மரப் படகு விடப் போனால் வேறு என்ன சொல்வார்கள்?

சசிகரனுக்கு அது பைத்தியம் இல்லை. தகப்பனிடமிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே சொத்து அதுதான்.

தகப்பன் விஜயரத்தினம் காரைநகர்க்காரர். கச்சேரி என்கிற அரச அலுவலகத்துக்கு எழுதுவினைஞராக மாத்தளைக்கு வந்தவர். வரும்போது இரண்டொரு வருடத்துக்கென்று வந்தார். ஆயுசு முழுக்க இருந்துவிட்டார். இருந்தும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. மகன் மாத்தளைத் தமிழில் "வாங்கப்பா, இருங்கப்பா" என்பான். அவர் "இஞ்சை வா மேனை, உதிலை இரு" என்பார். அய்யா என்று அவர் சொல்லும் தன் தகப்பனின் வத்தையைப் பற்றிப் பேச வாயெடுத்தால் தட்டில் சோறு ஆறிப்போகும். வத்தை என்பது சரக்கேற்றும் பாய்மரக் கலம், அதை நடத்துகிறவன் தண்டையல். தென்மேற்குக் காற்றான சோளகம் எந்த மாதம் எழும்பும், வடக்கு வாடைக்கு எந்தப் பாயை இறக்க வேண்டும், தண்டையல் ஒருவன் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்வது எப்படி, இதெல்லாம் சசிகரன் மலைக்கு நடுவில் உட்கார்ந்து, கடலைக் கண்ணால் காணும் முன்பே பாடமாக்கிய விஷயங்கள்.

"எங்கடை ரத்தத்திலை உப்பு ஓடுது மேனை. இந்த மலைக்காத்து எங்களுக்குச் சரிவராது," என்பார். இருமல் வந்தாலும் அதுதான் காரணம், பதவி உயர்வு தள்ளிப்போனாலும் அதுதான் காரணம்.

உப்பு ஓடுகிற ரத்தக்காரர்கள் மலையில் காணி வாங்கலாமா? வாங்கவில்லை. ஊருக்குத்தானே போகப்போகிறோம் என்று கடைசிவரை வாடகை கொடுத்துக் கூலி வீட்டில் இருந்தார்கள். அம்மா நேசம்மா கறிவேப்பிலைக் கன்றைக்கூட நிலத்தில் நடாமல் வாளியில்தான் வைத்திருந்தாள், போகும்போது தூக்கிக்கொண்டு போகலாமாம். போரால் ஊருக்குப் போகும் பாதை பூட்டியிருந்த காலத்தில் பாதையைச் சொன்னார்கள். பாதை திறந்த பிறகு அடுத்த வருடம் என்றார்கள். அம்மா அந்தக் கூலி வீட்டிலேயே கண்ணை மூடினாள்.

சிவதர்ஷினி விஷயமும் அப்படித்தான் போயிற்று. உக்குவளைப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்தவள். சசிகரனுக்கு அவள்மேல் உயிர். அவள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள், மாத்தளையில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு இங்கேயே இருங்கள் என்று. விஜயரத்தினம் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். "இஞ்சை வேர் விட்டால் பிறகு பிடுங்கேலாது." சசிகரன் தகப்பனை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும், அந்த இடத்தில் அவனைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும், உலுக்க ஆளில்லை. சிவதர்ஷினி சில வருடம் காத்திருந்தாள். பிறகு குருநாகலில் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் இந்தப் படகுப் பித்து முற்றியது. மூடிக்கிடந்த ஓர் உல்லாச விடுதியில் பாய் கிழிந்த சிறிய படகு ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அதை வாங்கினான். முதலில் மாட்டியவன் பள்ளித் தோழன் றம்ஸி. உக்குவளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவன், கடலைக் கண்டால் கால் நனைத்துவிட்டுச் சோற்றுப் பார்சலை அவிழ்க்கிற வகை. அடுத்தது வாகினி, ஆஸ்பத்திரியில் மருந்து கலவையாளர். கடைசியாகப் பல்லேபொலையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஸுஹைல். மூவருக்கும் நீந்தத் தெரியும், காற்றுத் தெரியாது. சசிகரன் அப்பாவிடம் கேட்டதையும் இணையத்தில் பார்த்ததையும் கலந்து படிப்பித்தான். தண்ணீருக்குள் பட்டுப்போய் நின்ற மரங்களின் உச்சிகளைச் சுற்றிச் சுற்றி, கவிழ்ந்து, நிமிர்த்தி, மறுபடி கவிழ்ந்து, ஒன்றரை வருடத்தில் படகு சொன்னபடி கேட்டது. சுக்கானைப் பிடித்தால் சசிகரன் வேறு ஆள். அலுவலகத்தில் பெரியவருக்கு முன்னால் குனிந்து நிற்கிற முதுகு அங்கே நிமிர்ந்துவிடும்.

திருகோணமலையிலிருந்து தெற்கே கரையோரமாக ஓடித் திரும்புகிற பந்தயம் ஒன்றுக்கு, பொழுதுபோக்குக்காரர்களும் சேரலாம் என்று அறிவித்தல் வந்தபோது நாலு பேரும் பெயர் கொடுத்தார்கள். நாலு பேர் போகக்கூடிய கடற்படகை அங்கே வாடகைக்குத் தருவார்கள். மூன்று பேருக்குக் குறையாமல் இருந்தால் போதும். சசிகரன் தலைவன். தலைவனானதும் சட்டம் போட வேண்டுமே, போட்டான்.

"வெள்ளோட்டத்துல எவனால முடியலையோ அவன் கரையில நிக்கணும். இரவுல ஒருத்தர் படுத்துக்கிட்டா மத்த மூணு பேருக்கும் ஆபத்து. அது நானா இருந்தாலும் சரி," என்றான்.

கடைசி வார்த்தையை அவன் அழகுக்காகத்தான் சேர்த்தான். ஸுஹைல்கூடச் சிரித்தான், "நீங்க படுத்தா நாங்க எல்லாம் கடல்ல மூழ்கிப்போன மாதிரிதான் அண்ணன்" என்று.

வீட்டில் விஜயரத்தினத்துக்கு எண்பது கடந்துவிட்டது. விழுந்து இடுப்பு பிசகியதிலிருந்து கட்டிலும் கதிரையுமாக இருந்தவர், பந்தயச் சேதி கேட்டதும் எழும்பி உட்கார்ந்தார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதே கதை. பக்கத்து வீட்டு நூருன்னிஸா கஞ்சி கொண்டுவந்தால் கஞ்சி ஆறும்வரை அவளுக்கும் கதை. மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "தண்டையல் வந்திட்டானோ?" என்றுதான் கேட்பார். பென்ஷன்காரர் கூட்டத்தில், எங்கள் பரம்பரை மறுபடி கடலில் இறங்குகிறது என்று சொல்லியனுப்பினார். சசிகரனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒரு வீட்டை, ஒரு பெண்ணை, ஓர் ஊரை விட்டுக்கொடுத்ததற்கெல்லாம் இதுதான் பதில் என்று அவன் நம்பினான். தான் எந்த இடத்து ஆள் என்பதைக் கடலில் காட்டிவிட்டால் போதும்.

வெள்ளோட்டத்துக்குத் திருகோணமலை போனார்கள். குடாவுக்குள் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் கடல் அடியிலிருந்து தூக்கி, ஒரு கணம் பிடித்து வைத்து, மெல்ல விட்டது. மறுபடி தூக்கியது. நீர்த்தேக்கத்துக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அங்கே அலை அடிக்கும், ஆனால் தண்ணீர் முழுதாக மூச்சு வாங்காது. ஒன்றரை வருடமாக எல்லாவற்றையும் பழகியவர்கள் இதை ஒன்றைத்தான் பழகவில்லை. பழக முடியும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

சசிகரன் சுக்கானை றம்ஸியிடம் கொடுத்துவிட்டுப் படகின் ஓரத்தைப் பிடித்துச் சத்தி எடுத்தான். காலை இடியப்பம் போயிற்று, தேத்தண்ணீர் போயிற்று, பிறகு போக ஒன்றும் இல்லாமல் பச்சையாகப் பித்தநீர் வந்தது.

"மச்சான், கொஞ்சம் படுத்துக்கோ, சரியாகிரும்," என்றான் றம்ஸி, ஒரு கையில் சுக்கான், மறு கையில் வடை. மூன்று தலைமுறையாக மிளகுக் கொடிக்கு அப்பால் ஒன்றும் பார்க்காத வம்சம். அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. படகு அவனுக்கு அப்படி ஒடுங்கி நடந்தது.

இரண்டாம் தடவை வாகினி மாத்திரை கொடுத்தாள். சசிகரன் தூங்கிப்போனான், வாயோரம் எச்சில் வழிய. மூன்றாம் தடவை மாத்திரை இல்லாமல், வெறும் வயிற்றோடு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். அன்றைக்கு எழுந்து நிற்கவே முடியவில்லை. ஸுஹைலும் வாகினியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக் கரையில் இறக்கினார்கள். மணலில் குந்தியிருந்து, தன் காலடியில் வந்து வந்து போகிற அந்தத் தண்ணீரைப் பார்த்தான். வெறுப்பாகக்கூட இல்லை. அறிமுகமில்லாத வீட்டு வாசலில் நாய் துரத்தியது போல வெட்கமாக இருந்தது.

திரும்புகிற வழியில் வேன் நாவுல ஊரைத் தாண்டியபோது றம்ஸிதான் பேச்சைத் தொடங்கினான்.

"மச்சான்... நீ வா. நீ சும்மா படுத்துக்கிட்டு வந்தாலும் பரவால்ல. நாங்க பாத்துக்குறோம்."

"வேணாம்டா. சுக்கான நீ புடி."

"சசி அண்ணா, சட்டத்த விடுங்க, நாங்களா கேட்டோம்?" என்றாள் வாகினி. அவள் கண் நிறைந்திருந்தது.

"நான்தானே சொன்னேன். நானே மீறினா எப்படி?" என்று யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, "அப்பாக்கு மட்டும் சொல்லிராதீங்க," என்றான்.

பந்தயத்துக்கு முதல்நாள் அவர்கள் மூவரும் திருகோணமலைக்குப் போனார்கள். சசிகரனும் பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் புறப்பட்டான். விஜயரத்தினம் திருநீறு பூசிவிட்டார். பாதி மூக்கில் கொட்டியது. பேருந்து நிலையத்தில் சசிகரன் நீர்த்தேக்கப் பக்கம் போகும் பல்லேகம பஸ்ஸில் ஏறினான்.

மறுநாள் காலை, பந்தயம் தொடங்குகிற நேரத்தில், நீர்த்தேக்கத்தில் பழைய படகை இறக்கித் தனியாகப் பாயை ஏற்றினான். அப்பா கூப்பிட்டால் அவருக்குத் தண்ணீர்ச் சத்தமாவது கேட்க வேண்டும் என்றிருந்தான். நடுவுக்குப் போனதும் தொலைபேசி அடித்தது.

"எங்கை நிக்கிறாய், தண்டையல்?"

"கொட்டியாரக் குடாவ விட்டு வெளிய வந்துட்டோம்பா."

"காத்து?"

"சோளகம்பா. நல்லா இருக்கு."

"எனக்குத் தெரியும். போனை ஒருக்காப் பாய்ப் பக்கம் பிடி மேனை."

பிடித்தான். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகின் வயிற்றில் தண்ணீர் சளக் சளக்கென்றது. காதில் வைத்தபோது அந்தப் பக்கம் கிழவர் மூக்கை உறிஞ்சினார்.

"அய்யாவின்ரை வத்தை மாதிரியே கிடக்கு," என்றார்.

அப்போது கரைப் பக்கத்துக் காட்டிலிருந்து மயில் ஒன்று அகவியது. உரக்க, நீட்டி, நீர்த்தேக்கம் முழுவதும் கேட்கும்படி. அது போதாதென்று எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது.

அப்பா தொலைபேசியை வைத்துவிட்டாரோ என்று சசிகரன் திரையைப் பார்த்தான். வைக்கவில்லை.

"மேனை."

"சொல்லுங்கப்பா."

"கடல்லை ஏது மயில்?"

வானொலி என்று சொல்லலாம், யாரோ காணொளி பார்க்கிறார்கள் என்று சொல்லலாம். பாய்க் கயிற்றைத் தளர்த்தினான்.

"சத்தி எடுத்தனியோ?" என்று கேட்டார் விஜயரத்தினம்.

சசிகரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு சொன்னாங்க? றம்ஸியா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை." கட்டில் கிறீச்சிட்டது. "எனக்கும் உப்பிடித்தான். அய்யா ஒரேயொருக்கால்தான் என்னை வத்தையிலை ஏத்தினவர். குடல் வெளியாலை வாற மாதிரி எடுத்தன். அண்ணன்மார் எல்லாரும் சிரிச்சவை. இவன் உத்தியோகத்துக்குத்தான் சரி எண்டு அய்யா இறக்கி விட்டிட்டார். பிறகு நான்தான் கடல் தெரியாத ஊராக் கேட்டு மாத்தளைக்கு வந்தனான்."

கேட்டு வந்தாராம். அனுப்பப்பட்டவர் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அம்மா அப்படி நினைத்துக்கொண்டே செத்துப்போனாள்.

"அப்ப ஏம்பா?" சசிகரனின் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "அப்ப ஏன் எங்கள இங்க இருக்க விடல? ஒரு வீடு வாங்கிருக்கலாமே. நான் அவளக் கட்டிருப்பேனே அப்பா. இங்கதானே இருந்தோம், ஆயுசு பூரா இங்கதானே இருந்தோம்!"

விஜயரத்தினம் பதில் சொன்னபோது அது தண்டையல் பரம்பரைக் குரலாக இல்லை, பழைய கச்சேரி எழுதுவினைஞரின் குரலாக இருந்தது.

"கச்சேரியிலை நான் ஒரு கிளாக். இஞ்சத்தை ஆளுமில்லை. கடலையும் விட்டால் பிறகு நான் ஆரெண்டு சொல்லுறது மேனை?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் சசிகரனும் கடலுக்குப் போயிருந்தான். அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான், அப்படியும் கேட்டுவிட்டது. மாத்தளையில் கட்டிலில் இருந்தபடி கிழவரும் அழுதார். இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை.