சரோஜா ஊற்றாத ஆசிட்

செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை, சரோஜாவின் மகள் தேவி கூப்பிட்டாள். "அம்மா பூட்டாங்க பெரியம்மா" என்றாள். நெஞ்சுவலி என்று விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம்கூட எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டதாகச் சொல்லியிருந்தாள். அதெப்படி ஒரே ராத்திரியில் என்று எனக்குச் சந்தேகம். எந்த வார்டு, எந்த டாக்டர், கடைசியாக என்ன ஊசி என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். தாயைப் பறிகொடுத்து நிற்கும் பெண்ணிடம் இப்படியா விசாரிப்பார்கள்? என் புத்தி அப்படி. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் கொண்டுவந்த காகிதங்களைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவள் நான்.

சரோஜாவின் ஊரான கிளியனூருக்குப் போய் மாலை போட்டுவிட்டு மத்தியானம் திண்டிவனம் திரும்பினேன். எதிர்வீட்டு விஜயா கேட்டருகே நின்று விசாரித்தாள். கண் கலங்கினாள். பிறகு, "பாவம், தங்கமான பொம்பள. அந்த ஆசிட் விஷயம் ஒண்ணத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது" என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். அந்த ஆசிட் விஷயத்தை விஜயாவிடம் சொன்னதே நான்தான். விஜயாவிடம் மட்டுமல்ல, இதைப் படிக்கிற உங்களில் பலரிடமும் சொன்னேன்.

நம் தெருவில் யாராவது தவறிவிட்டால் இரண்டு பக்கம் எழுதி அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பது வழக்கம். வீட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு இதுவரை யாரும் எழுதியதில்லை. நான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை அவளை 'அவள்' என்றுதான் சொன்னேன். செத்த பிறகு 'அவர்' என்று மாற்றினால் முதலில் சந்தேகப்படுகிறவள் சரோஜாவாகத்தான் இருப்பாள். அதனால் அவள் என்றே இருக்கட்டும்.

நான் வீடு கட்டியபோது கூடத்துக்கும் படுக்கையறைக்கும் பூஜை அலமாரி முன்னாலும் வெள்ளை மார்பிள் போட்டேன். ஓய்வு பெற்ற தனிக்கட்டைக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று என் தம்பியே கேட்டான். எனக்கு ஆசை, போட்டேன். அந்தத் தரையைத் துடைக்கத்தான் சரோஜா வந்தாள். அதற்கு முன் பதினோரு வருடம் குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் வேலை பார்த்திருக்கிறாள். டைல்ஸ், மார்பிள் எல்லாம் அங்கேதான் பழக்கம். முதல் நாள் வந்ததும் துடைப்பத்தைக்கூடத் தொடவில்லை. குந்தி உட்கார்ந்து, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தரையை நீளமாகப் பார்த்தாள். பிறகு நான் வாங்கி வைத்திருந்த பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள். "எல்லாத் தரைக்கும்னு போட்டுக்கினு இருக்குது. எல்லாத்துக்கும் ஆவும்னு சொல்றவன நம்பக் கூடாதுக்கா" என்றாள். என்னைவிடச் சந்தேகப் பேர்வழி ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். கூடவே, இவள் எதற்கு இவ்வளவு பேசுகிறாள் என்றும் ஒரு சந்தேகம்.

நான் சும்மா இருக்கவில்லை. பாட்டிலில் திரவம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு வைத்தேன். வீட்டுக்கு எடுத்துப்போகிறாளா என்று பார்க்கத்தான். அடுத்த வாரம் என் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது. சரோஜா திரும்பிப் பார்க்காமலே, "அது இன்னிக்கி வரைக்குங்க்கா. நீங்க போட மறந்துட்டீங்க, நானே போட்டுட்டேன்" என்றாள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் அன்று சாயங்காலம் ஸ்கேல் வைத்து அவள் கோட்டைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

நம் ஊர் போர் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். குளியலறை டைல்ஸில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். எல்லோரும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டுப் பளிச்சென்று ஆகிவிட்டது என்பார்கள். சரோஜா ஒருநாளும் ஊற்ற மாட்டாள். ஆப்ப சோடாவைக் குழைத்து, டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சந்தில் தடவி, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு கோடாகத் தேய்ப்பாள். அரை நாள் ஆகும். ஜல்தியாக முடிக்காமல் நேரத்தை ஓட்டுகிறாள் என்று நினைத்து, ஆசிட் ஊற்றினால் என்ன என்று கேட்டேன். "டைல்ஸு ஒண்ணும் ஆவாதுக்கா. சந்துல இருக்கிற சிமெண்ட்டு கரைஞ்சி போவும். அப்புறம் தண்ணி உள்ள எறங்கும், செவுரு ஊறும்" என்றாள். பிறகு சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பளிச்சுன்னு ஆனதும் சந்தோஷப்பட்டுடக் கூடாது. அழுக்கு போச்சா, கல்லு போச்சான்னு பாக்கணும்."

இப்படிப்பட்டவளைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

அவள் வந்த மூன்றாம் வருடம், பூஜை அலமாரி முன்னால் மார்பிள் மங்க ஆரம்பித்தது. கறை இல்லை. தொட்டால் சொரசொரப்பு, பார்த்தால் வெளிறிய திட்டு. ஈரத்துணியால் துடைத்தால் மறைவதுபோல மறைந்து, காய்ந்ததும் திரும்ப வரும். சரோஜாவிடம் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கி நான் துடைக்க வர்றதுக்கு முன்னாடியே இது இருக்குதுக்கா. ஏதோ புளிப்பு பட்டிருக்குது. இந்தக் கல்லு புளிப்பு தாங்காது" என்றாள். இந்த வீட்டில் நானும் அவளும்தான். நான் புளிப்பு எதையும் கொட்டவில்லை. அப்படியென்றால் யார்? அன்றிலிருந்து அவள் கையில் எந்த பாட்டில் இருக்கிறது என்று கதவிடுக்கு வழியாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

அதே சமயத்தில் மயிலம் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், கூட்டேரிப்பட்டில் ஒரு வேனில் வைத்து விற்றுக்கொண்டிருந்த தரை துடைக்கும் திரவம் ஒரு கேன் வாங்கிவந்திருந்தேன். கூடத்துக்கு இதையே ஊற்று என்றேன். ஒரு வாரம் கழித்து, இது ஆகாது என்று அவள் ஓரமாக வைத்துவிட்டாள். ஓகோ, வீணாகிவிட்டது என்று நான் சொன்னதும் வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டடை அடிக்கும்போது பார்த்தேன். யாரும் பார்க்காத மூலையில், மார்பிளில் மூன்று வட்டங்கள். ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய் நாணயம் அளவு. மூன்றும் மங்கல். பூஜை அலமாரி முன்னால் இருக்கும் அதே மங்கல். எனக்குத் தலைக்கேறிவிட்டது. கூப்பிட்டு நிறுத்தி, இது யார் வேலை என்று கேட்டேன்.

"ஆமாக்கா, நான்தான்" என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் பேசினாள். நான் வாங்கிவந்த கேனைக் கூடத்தில் ஊற்றுவதற்கு முன், கதவு மறைவில் மூன்று சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறாள். ஒன்று அப்படியே, ஒன்று பாதித் தண்ணீர் கலந்து, ஒன்று நிறையத் தண்ணீர் கலந்து. மூன்றும் கல்லைத் தின்றுவிட்டன, அதனால்தான் ஓரம் வைத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். எது வாங்கினாலும் முதலில் கதவுக்குப் பின்னால் விட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். ஆனால் 'ஆமா' என்ற வார்த்தைக்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை. ஒப்புக்கொண்டால் விசாரணை முடிந்தது, அது ஆபீஸ் பழக்கம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சரோஜா ஆசிட் ஊற்றி என் தரையைக் கெடுத்துவிட்டாள் என்று அன்று சாயங்காலமே விஜயாவிடம் சொன்னேன். மறுநாள் காய்கறி வண்டியருகே நின்று இன்னும் நான்கு பேரிடம் சொன்னேன். "அவளே ஒத்துக்கிட்டா" என்பதை ஒவ்வொரு முறையும் மறக்காமல் சேர்த்தேன். அந்த வாரத்துக்குள் நம் தெருவில் அவள் வேலை பார்த்த ஐந்து வீடுகளில், என் வீட்டையும் சேர்த்து, நான்கு அவளை நிறுத்திவிட்டன. ஒரு வீடு மட்டும் நிறுத்தவில்லை. அந்த வீட்டுக்காரம்மாவிடம் நான் பேசுவதில்லை, அதனால் என் பேச்சு அங்கே போகவில்லை.

விழுப்புரத்திலிருந்து மெஷின்காரரை வரவழைத்துப் பூஜை அலமாரி முன்னால் மட்டும் தரையை பாலிஷ் போட்டேன். முகம் தெரிந்தது. மூன்றே வாரம், அதே இடத்தில் அதே திட்டு. வீட்டுக்குள் வேறு யாரும் வரவில்லை. என் சந்தேகம் எங்கே போயிற்று தெரியுமா? சரோஜா கள்ளச்சாவி போட்டு வைத்திருக்கிறாள், நான் இல்லாத நேரம் வந்து வன்மத்தில் ஊற்றிவிட்டுப் போகிறாள் என்று போயிற்று. சிரிக்காதீர்கள். பூட்டையே மாற்றினேன்.

புதுப் பூட்டு போட்ட வாரம், வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் வெள்ளிக்கிழமைக்காகப் பித்தளைக் குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். சரோஜா வந்த மூன்றாம் வருடம் இடுப்புவலி வந்ததிலிருந்து சிங்க்கில் நின்று துலக்க முடியாது. பூஜை அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்துதான் எப்போதும் துலக்குவேன். விளக்கின் அடியிலிருந்து புளித்தண்ணீர் வழிந்து தரையில் வட்டமாக நின்றது. துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் தரை மங்கியிருந்தது.

ரசத்தில் போடுகிற புளியை யார் சந்தேகப்படுவார்கள்? அவள் கையில் இருந்த ஒவ்வொரு பாட்டிலையும் சந்தேகப்பட்டேன், என் கையில் இருந்த உருண்டையைச் சந்தேகப்படவில்லை. அடிப்பாவி என்று என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன்.

மறுநாள் பஸ் ஏறிக் கிளியனூர் போனேன். சரோஜா வாசலில் உட்கார்ந்து விதைக்கடலைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நம் தெருவில் நான்கு வீட்டு வேலை போனபிறகு விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தரை கழுவப் போய்க்கொண்டிருந்தாள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். எண்ணெய் கொட்டின சமையல்கட்டு முழுவதும் முட்டிபோட்டுத் தேய்க்க வேண்டும். அன்று விடுமுறை. நான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொல்லி அழுதேன். அவள் மல்லாட்டை உடைப்பதை நிறுத்தவில்லை.

"வெளக்க எங்க வெச்சித் துலக்குறீங்கன்னு கேக்கணும்னு அன்னிக்கே இருந்துச்சி. நீங்க கேக்க வுடல" என்றாள். இன்னொரு கைப்பிடி அள்ளிக்கொண்டு, "எங்கிட்ட எதுக்குக்கா சொல்லிக்கினு இருக்கீங்க? நான் பண்ணலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். வரும்போதே அகலமான ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளம் கொண்டுவந்து, விளக்கை இதில் வைத்துத் துலக்குங்கள் என்று அலமாரிக்குக் கீழே வைத்தாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நான்கு வருடம் வந்தாள். ஒருநாளும் சொன்னீர்களா என்று கேட்கவில்லை.

நான் சொல்லவில்லை. விஜயா வீட்டு வாசல்வரை இரண்டு முறை போனேன். வெண்டைக்காய் விலையைப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். மற்றவர்களின் பொய்யைப் பிடித்தே பேர் வாங்கியவள், நான் சொன்னது பொய் என்று எந்த வாயால் சொல்வேன்? அவளைத் திரும்ப வேலைக்கு வைத்துக்கொண்டதை வைத்து, நான் இரக்கப்பட்டு மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். அதையும் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தேன். நிறுத்தின நான்கு வீடுகளில் மற்ற மூன்றும் அவளைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. அதனால் விழுப்புரம் மண்டபத்து வேலையையும் அவள் கடைசிவரை விடவில்லை. செவ்வாய்க்கிழமை தேவியிடம் வார்டு, டாக்டர், ஊசி என்று எல்லாவற்றையும் கேட்டேன். அந்த நான்கு பஸ்ஸும் முட்டிபோட்ட வேலையும்தான் அவள் நெஞ்சைத் தின்றனவா என்பதை மட்டும் கேட்கவில்லை.

இப்போது எழுதும்போதும் எனக்கு என்மேல் சந்தேகம்தான். மனசறிந்து சொல்கிறேனா, செத்தவளைப் பற்றி நல்லதாக எழுதினால் எனக்கும் நல்ல பேர் வரும் என்று எழுதுகிறேனா? எனக்கே தெரியவில்லை. நீங்களும் சந்தேகப்பட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் சரோஜாவைச் சந்தேகப்படாதீர்கள். பூஜை அலமாரி முன்னால் தரை போனது என் புளியால். கதவுக்குப் பின்னால் இருக்கும் மூன்று வட்டங்கள் என் தரையைக் காப்பாற்ற அவள் விட்டவை. அவற்றை பாலிஷ் போட நான் விடப்போவதில்லை, வந்து பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

அவளிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த மூன்று வட்டங்களும், விளக்குத் துலக்கும் தாம்பாளமும், தெரியாதவர்களிடம் போய்ச் சொல் என்று அவள் சொன்ன ஒரு வாக்கியமும்தான். நான்கு வருடத்துக்கு முன் அவளுக்குக் கொடுத்த வார்த்தையை இன்றைக்குக் காப்பாற்றுகிறேன். அவள் கேட்க முடியாத நாளாகப் பார்த்து.